இரவுக் காவலனின் ஏடு

வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு இரவுக் காவலனைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. மார்கழிப் பனியில் ஊர் உறங்கும் வேளையில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு, கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டே தெருத்தெருவாக அவன் நடப்பான். அவன் முகத்தை நம்மில் பலர் பகலில் கண்டதில்லை. கண்டாலும் அடையாளம் தெரியாது. ஆயினும் நள்ளிரவில் விழிப்பு வந்து, அந்தத் தடியின் ஒலி செவியில் பட்டால் மனம் அமைதியுறுகிறது. ஒலி நின்றுபோன இரவில்தான் கவலை பிறக்கிறது.

இன்று நம் வாழ்க்கையைத் தாங்கி நிற்கும் கணினிகளுக்குள்ளும் இத்தகைய காவலர் பலர் உளர். ஊருக்குச் செல்ல ரயிலில் இடம் பதிவு செய்கிறோம். மாதம் பிறந்ததும் பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறோம். அப்போது நம் கைப்பேசியின் திரையில் தெரிவது ஒரு சிறு பகுதியே. எங்கோ ஓர் அறையில், 'சர்வர்' எனப்படும் கணினிகளில், முகமற்ற செயல்முறைகள் இரவும் பகலும் இயங்குவதால்தான் அந்தப் பணி நிறைவேறுகிறது. அவற்றுக்குத் திரை இல்லை. அருகில் அமர்ந்து கவனிப்பாரும் இல்லை. நேர்ந்ததை அவை நமக்குச் சொல்லும் வழி, வரிவரியாக எழுதிவைக்கும் குறிப்பேடு ஒன்றே. அதனையே 'லாக்' என்று வழங்குகின்றனர்.

நம் சங்கத்துக் குடும்பங்களின் மக்கள் பலர் பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் குருகிராமிலும் இத்தொழிலில் இருக்கின்றனர். நள்ளிரவில் கைப்பேசி ஒலிக்க, அரைத் தூக்கத்தில் எழுந்து மடிக்கணினியைத் திறக்கும் மகளைப் பார்த்து, "இந்த நேரத்தில் அப்படி என்னம்மா பார்க்கிறாய்?" என்று கேட்காத தாய் உண்டோ? அவள் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஏட்டைத்தான். இதனை எங்கே தேடுவது, எவ்வாறு படிப்பது, எவ்வாறு பேணுவது என்பனவற்றை, இத்துறையில் பல்லாண்டு உழைத்தவன் என்ற முறையில் சொல்ல விழைகிறேன். என் மறதியால் ஓர் இளைஞனின் பிழைப்பே போகவிருந்த செய்தியையும் உடன் சொல்லியாக வேண்டும்.

பெயர் வந்த வழி

'லாக்' என்னும் சொல்லுக்கு மரக்கட்டை என்பது பொருள். முற்காலத்து மாலுமிகள் கப்பலின் வேகத்தை அறிய, கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கடலில் எறிவர். கயிற்றில் ஒரே அளவு இடைவெளி விட்டு முடிச்சுகள் இருக்கும். மணல் வடியும் நேரத்திற்குள் எத்தனை முடிச்சுகள் கைவிட்டு ஓடின என்று எண்ணி, அதனை ஓர் ஏட்டில் எழுதுவர். கட்டையின் பெயரே நாளடைவில் ஏட்டுக்கும் ஆயிற்று. கப்பலின் வேகத்தை இன்றும் முடிச்சுக் கணக்கிலேயே சொல்கின்றனர்.

பின்னணியில் இயங்கும் செயல்முறைக்கு 'டீமன்' என்று பெயர். பூதம் என்று கொள்ளலாம். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பாரின் குழுவினர் இப்பெயரை இட்டனர். மாக்ஸ்வெல் என்னும் இயற்பியல் அறிஞர், சிறு வாயில் ஒன்றில் ஓயாமல் அமர்ந்து, விரைந்து வரும் மூலக்கூறுகளையும் மெல்ல வருவனவற்றையும் பிரித்து அனுப்பும் பூதம் ஒன்றைக் கற்பனை செய்திருந்தார். அதனை நினைந்தே இப்பெயர் வைக்கப்பட்டது. ஏவிய பணியை அலுப்பின்றிச் செய்யும் பூதத்துக்கு இது பொருத்தமான பெயரே. அந்தப் பூதம் வாய் திறந்து பேசாது என்பதுதான் நமக்குள்ள தொல்லை.

ஓர் இளைஞன் மேல் விழுந்த பழி

சில ஆண்டுகளுக்கு முன், வடநாட்டு நகரம் ஒன்றில், ஒரு நிறுவனத்தின் சர்வர்களைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன் எனக்குக் கீழ்ப் பணியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நல்ல உழைப்பாளி, இந்தி மட்டும் இன்னும் நாவில் படியவில்லை.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. நிறுவனத்தின் கணக்குகளை ஏற்கும் செயல்முறை நின்று கிடக்கிறது என்றனர். ஓடினேன். வட்டில் ஓர் அணு இடமும் இல்லை. அச்செயல்முறையின் ஏடே மலைபோல் வளர்ந்து வட்டை அடைத்திருந்தது. கடைசி இருநூறு வரிகளை மட்டும் வேறிடத்தில் படியெடுத்துக்கொண்டு, அந்தக் கோப்பை அழித்தேன். இடம் மீளவில்லை. பதறிப்போய்ச் சர்வரையே நிறுத்தி மறுபடி இயக்கினேன். இடம் வந்தது, வேலையும் நடந்தது.

மாலையில் விசாரணை. நான் காத்துவைத்த வரிகளில் கடைசியானது பாதியில் அறுந்திருந்தது. அதில் கண்ட நேரம் 20 மணி 40 நிமிடம். சர்வருக்குள் யார், எப்போது நுழைந்தனர் என்று காட்டும் பதிவை எடுத்தனர். இரவு 8-30 முதல் 8-50 வரை உள்ளே இருந்தவன் அந்த இளைஞன் ஒருவனே! அறிக்கை ஒன்றை எடுத்துக்கொள்ள நுழைந்திருந்தான். "இவன் எதையோ கலைத்திருக்கிறான்" என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார். இந்தியில் வாதாட அவனுக்கு இயலவில்லை. என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நான் அதைத் தொடவே இல்லை" என்று மட்டும் சொன்னான். மறுநாள் அவனைப் பணியிலிருந்து விலக்குவது என்று பேச்சு எழுந்தது.

அன்றிரவு நான் உறங்கவில்லை. ஏட்டை மறுபடி தேடத் தொடங்கினேன். அதன் முடிவைச் சொல்லுமுன், தேடும் வழியைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கே தேடுவது?

உலகில் பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸ் முறையில் இயங்குகின்றன. அங்கே 'வார்' என்று ஓர் அடைவு உண்டு. அடிக்கடி மாறும் பொருள்களுக்கு உரிய இடம் அது. அதனுள் 'லாக்' என்னும் உட்பிரிவு இருக்கும். தேடுவோர் முதலில் செல்ல வேண்டிய இடம் இதுவே. டெபியன், உபுண்டு வகைகளில் 'சிஸ்லாக்' என்றும், ரெட்ஹாட் வகையில் 'மெசேஜஸ்' என்றும் பொதுக் குறிப்பேடு அங்கே காணப்படும். இணையப் பக்கங்களை வழங்கும் 'எஞ்ஜின்எக்ஸ்' போன்றவை தமக்கெனத் தனி அறை வைத்துக்கொண்டு, வந்தோர் பட்டியலை ஒரு கோப்பிலும் பிழைகளை வேறொன்றிலும் எழுதும்.

பழைய நூல்களைப் படித்துவிட்டு 'சிஸ்லாக்' கோப்பைத் தேடி ஏமாறுவோர் இன்று பலர். 2010-ஆம் ஆண்டில் தோன்றிய 'சிஸ்டம்டி' என்னும் மேலாண்மை முறை, 'ஜர்னல்' என்ற தனிக் குறிப்பேட்டைப் பின்னர்க் கொண்டுவந்தது. 2023-இல் வெளிவந்த டெபியன் 12 முதல், புதிதாக நிறுவும் கணினியில் பழைய பொதுக் கோப்பு தானாக அமைவதில்லை. ஜர்னல் மட்டுமே இருக்கும். அது எழுத்துக் கோப்பு அன்று. 'ஜர்னல்சிடிஎல்' என்னும் கட்டளை கொண்டே படிக்க இயலும். செயல்முறையின் பெயரையும், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்பதையும் சொன்னால், வேண்டிய வரிகளை மட்டும் பொறுக்கித் தரும்.

இங்கே ஒரு கண்ணியும் உண்டு. சில கணினிகளில் ஜர்னல் நினைவகத்தில் மட்டுமே தங்கும். கணினியை நிறுத்தி இயக்கினால் முந்தையது முழுவதும் போய்விடும். 'வார்-லாக்' அடைவினுள் 'ஜர்னல்' என்ற அடைவு இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுவது நலம். பெரும்பாலான கணினிகளில் அது இருந்தால்தான் ஏடு வட்டில் நிலைக்கும்.

மூன்றாவதாக, சில செயல்முறைகள் தம் விருப்பப்படி வேறிடத்தில் எழுதும். அவ்விடம் அவற்றின் அமைப்புக் கோப்பில் குறித்திருக்கும். 'டாக்கர்' போன்ற பெட்டிகளுக்குள் இயங்குவனவற்றின் எழுத்தை அந்தப் பெட்டியை ஆளும் நிரலிடமே கேட்க வேண்டும். எங்கும் கிட்டவில்லையெனில் 'எல்எஸ்ஓஎஃப்' என்னும் கட்டளை கைகொடுக்கும். இயங்கும் செயல்முறை எந்தெந்தக் கோப்புகளைத் திறந்துவைத்திருக்கிறது என்று அது காட்டிவிடும். சில வேளை, எழுதுவதையெல்லாம் 'நல்' என்னும் பாழுங்கிணற்றில் கொட்டுமாறு யாரோ அமைத்திருப்பதும் தெரியவரும். அங்கே விழுந்தது மீளாது.

படிக்கும் முறை

1980-களில், கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில், எரிக் ஆல்மன் என்பார் கடிதப் போக்குவரத்துக்கான நிரல் ஒன்றை எழுதியபோது, குறிப்பெழுதும் வேலைக்கென ஒரு பொது முறையையும் வகுத்தார். 'சிஸ்லாக்' என்பது அதன் பெயர். செய்திகளை அது எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. பூச்சியம் என்பது கணினியே பயன்படாது போன பேரிடர், மூன்று பிழை, நான்கு எச்சரிக்கை, ஆறு வெறும் செய்தி, ஏழு 'டீபக்' எனப்படும் நுணுக்கக் குறிப்பு. மூன்றாம் படி வரை உள்ளவற்றை மட்டும் காட்டுமாறு கேட்டால் பல்லாயிரம் வரிகள் சில பத்தாகக் குறைந்துவிடும்.

புதிதாக வந்தோர் கடைசி வரியையே உற்றுநோக்குவர். அது தவறு. கடைசி வரி நோயாளியின் இறுதி மூச்சு. நோய் எப்போது தொற்றியது என்பதை முதற்பிழையே சொல்லும். எனவே பின்னிருந்து முன்னோக்கிச் சென்று, இயல்பு மாறிய முதல் வரியைக் காண வேண்டும். நோயற்ற நாளின் ஏட்டைப் படித்துப் பழகியவனுக்கே மாறுதல் புலப்படும். ஆதலால் வேலை நன்கு நடக்கும் நாளிலும் ஏட்டைப் புரட்டுவது நல்ல வழக்கம்.

எல்லாவற்றினும் முதன்மையானது நேரம். பழைய சிஸ்லாக் வரியில் மாதமும் நாளும் மணியும் இருக்கும். ஆண்டும் இராது, எந்த நாட்டு மணி என்பதும் இராது. 2009-இல் வகுத்த புதிய நெறியே இவ்விரண்டையும் எழுத வழிசெய்தது. பல செயல்முறைகள் உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. நம் நாட்டு நேரம் அதனினும் ஐந்தரை மணி முன்னே நிற்பது.

அன்பர்கள் இப்போது ஊகித்திருப்பர். எங்கள் சர்வரின் பொதுக் குறிப்புகள் வேறொரு கணினிக்கும் படியாகச் சென்றுகொண்டிருந்தன. முன்பிருந்த ஒருவர் செய்துவைத்த நல்ல ஏற்பாடு அது. நள்ளிரவில் அந்தப் படியைத் திறந்தேன். 'வட்டில் இடமில்லை' என்று சர்வர் முதன்முதலில் ஓலமிட்டது விடியற்காலை 2 மணி 10 நிமிடத்தில்! அந்தக் கணினி எழுதுவது இந்திய நேரம். 2-10-லிருந்து ஐந்தரை மணியைக் கழித்தேன். முந்தைய நாள் 20-40. இரண்டு ஏடுகளும் ஒரே கணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. உள்ளே நுழைந்தோர் பட்டியல் இந்திய நேரத்தில் இருந்தது. அறுந்த வரி உலக நேரத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே கடிகாரமாகக் கருதி, உறங்கிக்கொண்டிருந்தவன் மேல் பழி சுமத்தியிருந்தோம்.

பேணும் முறை

அப்படியானால் வட்டை நிரப்பியது யார்? அதற்கும் விடை கிடைத்தது. மூன்று வாரங்களுக்கு முன், வேறொரு குறையை ஆராய்வதற்காக, அச்செயல்முறையை ஏழாம் படி வரை எழுதுமாறு நான் பணித்திருந்தேன். குறை தீர்ந்தது; பழைய நிலைக்குத் திருப்ப மறந்தேன். அது சொன்ன சொல் தவறாமல் மூச்சு விட்டதைக்கூட எழுதிக்கொண்டே வந்து, வட்டு நிறைந்த கணத்தில் மூச்சடைத்து நின்றது. குற்றம் முழுவதும் என்னுடையதே.

ஏட்டைப் பேணுவது என்பது அளவறிந்து வைப்பதாகும். லினக்ஸில் இதற்கென 'லாக்ரொட்டேட்' என்னும் நிரல் உண்டு. நாள்தோறுமோ வாரந்தோறுமோ, அல்லது குறித்த பருமனை எட்டியவுடனோ, நடப்பு ஏட்டை மூடிப் பெயர் மாற்றி வைத்துவிட்டுப் புதிய ஏட்டைத் தொடங்கும், பழையவற்றைச் சுருக்கும், நாம் குறித்த எண்ணிக்கைக்கு மேற்பட்டவற்றை நீக்கும். எழுத்துக் கோப்புகள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதும் உண்டு. ஜர்னலோ தன் எல்லையைத் தானே காத்துக்கொள்ளும். நாம் வேறு சொல்லாவிடில், வட்டில் பத்தில் ஒரு பங்கை அல்லது நான்கு கிகாபைட்டை, இவற்றுள் சிறியதைத் தாண்டாது. டாக்கரின் வழக்கமான அமைப்பில் அந்த எல்லை இல்லை. நாமே விதிக்க வேண்டும்.

கோப்பை அழித்தும் இடம் மீளாத காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் கோப்பின் பெயர் வேறு, உள்ளீடு வேறு. அழிக்கும்போது பெயர்தான் போகிறது. ஒரு செயல்முறை அதனைத் திறந்து பிடித்திருக்கும் வரை, உள்ளீடு வட்டில் அப்படியே கிடக்கும். வாடகைக்காரர் உள்ளே குடியிருக்க, வாசலில் உள்ள பெயர்ப்பலகையைக் கழற்றியது போலத்தான். ஆகவே அழிக்கலாகாது. கோப்பை இருந்த இடத்திலேயே வெறுமையாக்கலாம். அல்லது பெயரை மாற்றிவிட்டு, புதிய ஏட்டைத் திறக்குமாறு செயல்முறைக்குச் சைகை தரலாம். எதைச் செய்யுமுன்னும், உள்ளது முழுவதையும் வேறொரு வட்டுக்குச் சுருக்கிப் படியெடுப்பது கடமை. நான் இருநூறு வரிகளோடு நின்றதால், என் பிழையின் சான்றையும் சேர்த்தே அழித்திருந்தேன். வேறு கணினியில் படி இல்லாதிருப்பின் உண்மை வெளிப்பட்டிராது.

சிறு முரண்பாட்டையும் புறக்கணிக்கலாகாது என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1986-இல், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வகத்தில், கிளிஃபோர்டு ஸ்டோல் என்னும் வானியலார் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் வேறுபாட்டைக் கண்டார். அற்பத் தொகை என்று விட்டுவிடாமல் பதிவுகளைத் தொடர்ந்து சென்றார். உள்ளே வந்து போவோன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் அச்சுப்பொறிகளில் பதியச் செய்து, இரவெல்லாம் காத்திருந்தார். முடிவில், மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து அமெரிக்கப் படைத்துறைக் கணினிகளுக்குள் புகுந்து, சோவியத் உளவுத்துறைக்குச் செய்தி விற்றவன் அகப்பட்டான். எழுபத்தைந்து சென்ட் சொன்ன செய்தி அது!

எழுதத் தகாதன

ஏட்டில் எல்லாவற்றையும் எழுதுவதும் பிழையே. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், அப்போது ட்விட்டர் என வழங்கிய நிறுவனம், பயனரின் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் தன் உள் ஏடு ஒன்றில் பதிந்துவிட்டன என்று அறிவித்து, அனைவரும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வது நலம் என்றது. அன்று அதன் பயனர் சுமார் 33 கோடி. 2021 டிசம்பரில், 'லாக்4ஜே' என்னும் குறிப்பெழுதும் நிரலிலேயே பெருங்குறை தெரிந்தது. வெளியார் அனுப்பிய தந்திரச் சொற்றொடரை ஏட்டில் எழுத முற்படுகையில், அதனையே கட்டளையாக ஏற்று நடக்கும் அபாயம் அதில் இருந்தது. காவலனின் ஏடே கள்வனுக்குக் கதவாயிற்று. எனவே கடவுச்சொல், ஆதார் எண், வங்கிக் கணக்கு போன்றவற்றை ஏட்டில் பதியலாகாது. ஏட்டைத் திறக்கும் உரிமையையும் சிலருக்கே தரவேண்டும்.

எத்தனை நாள் வைப்பது என்பதற்கு நம் நாட்டில் விதியும் வந்துள்ளது. 2022 ஏப்ரல் 28-ஆம் நாள், இந்தியக் கணினி அவசரநிலைக் குழு பிறப்பித்த ஆணையின்படி, நிறுவனங்கள் தம் கணினி ஏடுகளை 180 நாள்களுக்குப் பாதுகாக்க வேண்டும். குறித்த வகை இணையத் தாக்குதல்களை, அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு இசைவிக்கவும் அவ்வாணை பணிக்கிறது. கடிகாரம் பிழைத்தால் ஏடு பொய்ச்சாட்சியாகும் என்பதை நான் பட்டறிந்தவனாதலால், அந்த விதியை மற்றவற்றினும் மதிக்கிறேன்.

மறுநாள்

மறுநாள் காலையில் இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்து மேலாளரிடம் காட்டினேன். என் மறதியையும் மறைக்காமல் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அந்த இளைஞனை அழைத்து, எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தார். எனக்குக் கண்டிப்பு எழுத்தில் வந்தது, அது தகும். ஆனால் அன்று மாலை, "அண்ணாச்சி, வாங்க, டீ குடிக்கலாம்" என்று அவனே என்னை அழைத்ததுதான் அந்தக் கண்டிப்பினும் நெஞ்சில் தைத்தது.

இன்று அவன் பெங்களூரில் பலருக்கு மேற்பார்வையாளனாக இருக்கிறான். புதிதாக வருவோரிடம் ஏடு ஒன்றைக் காட்டி, "இது எந்த ஊர் மணி?" என்பதையே முதற்கேள்வியாகக் கேட்கிறானாம்.

அயலூரில் பிழைக்க வந்த நம் பிள்ளைகளுக்கு, மொழி கைகொடாத வேளையில் அவர்கள் பக்கம் நின்று பேசுவது எழுதிவைத்த சான்று ஒன்றே. ஆதலால் இத்தொழிலில் உள்ள இளைஞர்க்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு செயல்முறையும் எங்கே எழுதுகிறது, எந்த மணியில் எழுதுகிறது, எத்தனை நாள் நிற்கிறது, வேறெங்கே படி உள்ளது என்னும் நான்கையும் இவ்வாரமே ஒரு தாளில் குறித்துவையுங்கள். பெற்றோர்க்கும் ஒரு சொல்: மகளோ மகனோ நள்ளிரவில் திரையைப் பார்த்து அமர்ந்திருந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். தடியின் ஒலி நின்ற தெருவில், என்ன நேர்ந்தது என்று பார்க்கத்தான் அவர்கள் எழுந்திருக்கிறார்கள். ஒரு குவளை சூடான பாலை அருகில் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.